உங்களுக்குத் தெரியுமா? கறுப்புக்கு ஒரு படி முன்னால்

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் தலைச்சாயம் வாங்கப் போகிறவரின் கை தானாகக் கறுப்புப் பாக்கெட்டைத்தான் எடுக்கும். பக்கத்திலேயே ‘டார்க் பிரவுன்’, ‘டார்கஸ்ட் பிரவுன்’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகளும் தொங்கும். கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் அந்த அடர் பழுப்புக்காகப் பேசத்தான் இந்தப் பக்கம். எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் காப்பாற்றுவது, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் கறுப்பும் பழுப்புதான்

ஒற்றை முடியை உச்சி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு என்று நினைத்திருந்த முடி பலருக்கும் பழுப்பாக மின்னும். முடிக்கு நிறம் கொடுப்பவை இரண்டு வகை மெலனின்கள். கறுப்பும் பழுப்பும் யூமெலனின் தருவது. செம்மையும் மஞ்சளும் ஃபியோமெலனின் தருவது. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வருவதைப் பழுப்பு நிலக்கரி என்கிறோம் அல்லவா? குவியலாகத் தூரத்தில் பார்த்தால் கறுப்பு, பொடித்துப் பார்த்தால் பழுப்பு. நம் தலைமுடியும் அப்படியே. அதனால்தான் அடர் பழுப்பு போட்டவர் சாயம் போட்டவராகத் தெரிவதில்லை.

பெட்டியில் இருக்கும் எண் பேசும்

சாயப் பெட்டியின் மேல் இருக்கும் எண் நிறத்தின் ஆழத்தைச் சொல்கிறது. 1 என்றால் கறுப்பு. 10 என்றால் மிக வெளிறிய பொன்னிறம். மிக அடர்ந்த பழுப்பு 2-லோ 3-லோ இருக்கும். ஒரு கம்பெனி 3-ஐ ‘டார்க் பிரவுன்’ என்றால், இன்னொரு கம்பெனி அதே 3-ஐ ‘டார்கஸ்ட் பிரவுன்’ என்று சொல்லும். எனவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சாயலைக் குறிக்கும். பல கம்பெனிகளில் .1 சாம்பல் சாயல், .3 பொன் சாயல், .6 சிவப்புச் சாயல். நரை பாதிக்கு மேல் இருந்தால் புள்ளி எண் இல்லாத இயல்பு ஷேடுதான் நரையை முழுதாக மூடும்.

சாயத்தைச் சாயம் வெளுக்காது

கறுப்பு அடித்த தலையில் மறு மாதம் பழுப்பு அடித்தால் பழுப்பு ஏறாது. ஏற்கெனவே உள்ளே இறங்கிய செயற்கை நிறத்தை இன்னொரு சாயத்தால் கரைக்க முடியாது. பெரும்பாலும் பிளீச் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதில் முடி நொந்துபோகும். பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போவது ஒரு மணி நேர வேலை. கறுப்பிலிருந்து பழுப்புக்குத் திரும்புவது பல மாத வேலை. முதல் முறை சாயம் போடுகிறவர்கள் பழுப்பில் தொடங்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். இரண்டு ஷேடுகளுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் வெளிறியதையே எடுங்கள். புதிதாகப் போட்ட சாயம் முதல் சில நாட்கள் நினைத்ததைவிட ஆழமாகத்தான் தெரியும்.

சுந்தரர் வெட்டி வைத்த மச்சம்

பக்கத்து விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் போடும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். பொன்னில் சிறு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார், பிறகு மாற்று உரைத்துப் பார்ப்பதற்காக. தலைமுடிக்கும் மச்சம் வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் மட்டும் சாயத்தைத் தடவி, சொன்ன நேரம் வைத்து அலசி, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப் லைட்டில் பார்க்க வேண்டாம். பிடித்தால் முழுத் தலைக்கும் போடலாம்.

ஒவ்வொரு முறையும் சோதனை: சட்டமே சொல்கிறது

தலைச்சாயத்தைத் தோலில் சோதித்துப் பார்க்கும் முறையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட்டு உள்ளே வைக்க வேண்டும் என்பது 1945-ஆம் ஆண்டின் இந்திய மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகளிலேயே இடம்பெற்றது. முதல் தடவை மட்டும் அல்ல, ஒவ்வொரு முறை போடும் முன்பும் சோதிக்க வேண்டும் என்கிறது அந்த அறிவுரை. முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ ஒரு சொட்டு வைத்து 24 மணி நேரம் பொறுக்க வேண்டும்; இன்று பல கம்பெனிகள் 48 மணி நேரம் கேட்கின்றன. பத்து வருடம் ஒன்றும் செய்யாத சாயம் பதினோராம் வருடம் முகத்தை வீங்க வைக்கலாம்.

முந்திரி உடைத்த விரல்களுக்கு இது தெரியும்

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைக் கேளுங்கள். ஓட்டு எண்ணெய் பட்ட இடம் வெந்து போவதும் உண்டு. சிலருக்கு ஓரிரு நாள் கழித்து அரித்துக் கொப்பளிப்பதும் உண்டு. இந்த இரண்டாவது வகை, உடல் ஒரு பொருளை எதிரியாக அடையாளம் வைத்துக்கொண்டு தாமதமாகக் காட்டும் ஒவ்வாமை. தலைச்சாய ஒவ்வாமையும் இதே வகைதான். போட்டதும் ஒன்றும் ஆகவில்லை என்று சோதனையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தத் தாமதமே.

புருவத்துக்கு வேண்டவே வேண்டாம்

1933-இல் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயம் விற்பனையில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட பெண்களின் கண்கள் புண்ணாயின. பார்வை போனவரும் உண்டு. அந்நாட்டில் 1938-இல் ஒப்பனைப் பொருட்களையும் சேர்த்துக் கடுமையான சட்டம் வருவதற்கு அந்தக் கொடுமையும் ஒரு காரணம். அந்தச் சாயத்தில் இருந்த பிபிடி என்னும் பாரா ஃபினைலீன் டைஅமீன்தான் இன்றைய பெரும்பாலான தலைச்சாயங்களிலும் இருக்கிறது. நம் பாக்கெட்டுகளிலும் புருவத்திலும் இமையிலும் போடக் கூடாது, பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை இருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று புருவத்தில் இழுத்துவிடாதீர்கள்.

ஒரு பாரிஸ் இளைஞரின் கண்டுபிடிப்பு

பிபிடியைப் பற்றி 1863-இலேயே எழுதியவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஆகஸ்ட் ஹோஃப்மன். அந்த வகை ரசாயனங்களைக் கொண்டு தலைச்சாயம் செய்து 1907-இல் பாரிஸ் முடிதிருத்தும் நிலையங்களுக்கு விற்கத் தொடங்கினார் யூஜீன் ஷூலர் என்ற இளம் வேதியியலாளர். 1909-இல் அவர் தொடங்கிய கம்பெனிதான் பிற்காலத்தில் லோரியல் ஆனது.

முடிக்குள் நடப்பது

ட்யூபில் இருக்கும்போது சாயத்துக்கு முழு நிறம் கிடையாது. அதன் மூலப்பொருட்கள் மிகச் சிறிய மூலக்கூறுகள். அமோனியா முடியின் மேல் செதிலைத் திறக்கிறது. அந்தச் சிறு மூலக்கூறுகள் உள்ளே போகின்றன. சாயத்தோடு கலக்கும் டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாக்குகிறது. பெரிதான பின் அவற்றால் எளிதில் வெளியே வர முடியாது, நிறம் தங்கிவிடுகிறது. அடர் பழுப்புக்கு 6 சதவீத டெவலப்பர், அதாவது 20 வால்யூம், போதும். 30-ம் 40-ம் முடியை வெளுப்பதற்கானவை. கலந்து மிஞ்சியதை மூடி வைக்காதீர்கள். வினை நிற்காது, வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம்.

‘அமோனியா இல்லை’ என்றால்?

வாடை குறைவு என்று பொருள். பிபிடி இல்லை என்று பொருள் அல்ல. அமோனியாவின் இடத்தில் பெரும்பாலும் மோனோ எத்தனாலமைன் என்ற வேறொரு காரப்பொருள் இருக்கும், பெராக்சைடும் இருக்கும். சோதனை இதற்கும் கட்டாயம்.

நம் மண்ணில் விளைந்த சாயம்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தில் அவுரி விளைந்த முக்கியமான மாவட்டங்களில் ஒன்று. அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்துக் கலக்கி, நீலக்கட்டி எடுத்துக் கப்பல் ஏற்றினார்கள். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரி வயல்கள் சுருங்கின. ஆனாலும் பயிர் அழியவில்லை. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் இயற்கை நீலம் தயாராகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: துணிக்குப் போடும் நீலக்கட்டி தலைக்கு உதவாது. காய்ந்த பச்சை இலைப்பொடிதான் தலைக்கு வேண்டும். இலையில் நிறமற்று உறங்கும் பொருள், தண்ணீர் பட்டு, காற்றுப் பட்டு, முடிக்குள்ளேயே நீலமாக வேண்டும்.

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் பழுப்பு

மருதாணி மட்டும் போட்டால் நரை செம்பட்டையாகும். அவுரி மட்டும் போட்டால் நீலம் பாயும். இரண்டும் சேர்ந்தால் அடர் பழுப்பு. வீட்டில் செய்யும் முறை இது:

ஒரு பங்கு மருதாணிப்பொடியைத் தேயிலைத் தண்ணீரில் குழைத்து இரவு முழுதும் ஊறவிடுங்கள். மறுநாள் காலை இரண்டு பங்கு அவுரிப்பொடியை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். எலுமிச்சையும் புளிப்பும் அவுரிக்கு ஆகாது. இரண்டையும் கலந்து உடனே எண்ணெய் இல்லாத தலையில் தடவி இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, ஷாம்பு இல்லாமல் அலசுங்கள். அன்று கொஞ்சம் பச்சை ஓடினால் பயப்பட வேண்டாம். இரண்டு நாளில் நிறம் காற்றில் முற்றி ஆழமாகும்.

மருதாணியும் கதமும்

மங்கலம்பேட்டையில் முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. தாடிக்கும் தலைக்கும் மருதாணி இடுவது முஸ்லிம் பெரியவர்களிடையே நெடுநாள் வழக்கம். நரையை மாற்ற மருதாணியும் ‘கதம்’ என்ற செடியும் சிறந்தவை என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் பதிவு இருக்கிறது. கதம் கருமை தரும் செடி. மருதாணி செம்மை தரும். இரண்டுக்கும் நடுவில் பிறப்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே நிறம். முழுக் கறுப்பைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்க அறிஞர்கள் பலர் இந்தக் கலவையை ஏற்கிறார்கள்.

இரும்புச் சட்டி ஏன்?

மருதாணியை இரும்புச் சட்டியில் ஊறவை என்று பாட்டிமார் சொன்னதில் வேதியியல் இருக்கிறது. தேயிலையிலும் நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் துவர்ப்புப் பொருளான டானின் உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் கருநிறம் பிறக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய நாட்டுக்கு இது புதிதல்ல. ஆனால் உலோகம் ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி கெடலாம். இப்படிப் போட்ட வழக்கம் இருந்தால், கலர் பண்ணும் முன் சலூனிலோ பார்லரிலோ சொல்லிவிடுங்கள்.

‘கறுப்பு மருதாணி’ என்று ஒரு செடி இல்லை

மருதாணி தருவது செம்மை மட்டுமே. அரை மணி நேரத்தில் கறுப்பாக்கும் ‘மருதாணி’ப் பொடி என்றால், அதில் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்த பிறகு காசு கொடுங்கள். திருவிழாக் கடையில் பிள்ளைகள் கையில் கறுப்பாக வரைவதற்கும் இதே எச்சரிக்கை. சின்ன வயதில் அப்படி ஒரு ஒவ்வாமை தொற்றிக்கொண்டால், பெரியவரான பின் எந்தச் சாயமும் போட முடியாமல் போகலாம்.

வேருக்கு மட்டும்

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு முதல் ஆறு வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரியும். அப்போது முழுத் தலைக்கும் அடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. நுனி சாயத்தின் மேல் சாயம் குடித்துக் கறுத்துப்போகும். வேர் மட்டும் பழுப்பாக நிற்கும். புதிதாக முளைத்த பகுதிக்கு மட்டும் தடவுங்கள். நுனி வெளிறியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் சீப்பால் இழுத்துவிடுங்கள், போதும். நெற்றி ஓரத்து நரையும் கிருதா நரையும் சாயத்தை எளிதில் ஏற்காதவை. அங்கேதான் முதலில் தொடங்க வேண்டும். முடி எல்லையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டால் நெற்றியில் கறை பிடிக்காது.

பழுப்பு ஏன் சிவக்கிறது?

டெவலப்பர் சாயத்தைக் கோப்பதோடு நிற்பதில்லை; முடியின் சொந்த நிறத்தையும் சிறிது வெளுக்கிறது. செயற்கை நிறம் கழுவக் கழுவக் குறையும்போது, அடியில் வெளுத்துப்போன செம்மை எட்டிப் பார்க்கும். கொஞ்சம் சாம்பல் சாயல் உள்ள ஷேடு இதைத் தணிக்கும். ஆனால் உலர்ந்து வெடித்த நுனியில் சாம்பல் சாயல் அதிகமானால் நிறம் மங்கிச் சேற்றுப் பச்சையாகத் தெரியக்கூடும். அளவோடு போதும்.

தண்ணீர், வெயில், எண்ணெய்

சாயம் போட்ட இரண்டு நாளைக்கு ஷாம்பு வேண்டாம். பிறகும் கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். போர் தண்ணி உப்பாக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல் படிந்து நிறத்தை மந்தமாக்கும். இரும்பு அதிகம் உள்ள தண்ணீர் நிறத்தையே மாற்றும். கடைசி இரண்டு சொம்பு மட்டுமாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடித்து வைத்த தண்ணீர் இதற்கு அருமையானது. வெயில் நிறத்தைத் தின்னும். வயலுக்கும் களத்துக்கும் போகிறவர்கள் தலையில் துண்டையோ முந்தானையையோ போட்டுக்கொண்டால் நிறம் கூடுதல் நாள் நிற்கும். எண்ணெயில் தேங்காய் எண்ணெய்க்கே முதலிடம். முடியின் புரத இழப்பை அது குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை என்றும் 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வு காட்டியது.

சாயம் போட்டுவிடும் கைகள்

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சொந்தத் தலைக்குச் சாயம் போடுவதைப் புற்றுநோயோடு சேர்த்து வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்கிறது. ஆனால் முடிதிருத்தும் தொழிலாளர் நாளெல்லாம் சாயத்தோடும் பிற ரசாயனங்களோடும் வாழ்வதை ‘அநேகமாகப் புற்றுநோய் வருவிக்கக்கூடியது’ என்ற வரிசையில் வைத்திருக்கிறது. நமக்கு மாதம் ஒரு முறை, அவருக்கு நாள்தோறும். அவர் கையுறை போட்டுக்கொள்ள நேரம் கேட்டால் காத்திருங்கள். ஜன்னலைத் திறந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

எட்டாத உயரத்தில் வையுங்கள்

தலைச்சாயம் வயிற்றுக்குள் போனால் கொடிய விஷம். கழுத்தும் முகமும் வீங்கி மூச்சு அடைக்கும். சிறுநீர் கறுத்துச் சிறுநீரகம் செயலிழக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் சாயத்தை அலமாரியில் பூட்டி வையுங்கள். மிச்சத்தைத் தண்ணீர்ப் பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்க வேண்டாம். யார் விழுங்கியிருந்தாலும் அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

நரைக்காத புலவர்

வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன பதில் புறநானூற்றின் 191-ஆம் பாட்டு. நல்ல மனைவி மக்கள், மனம் அறிந்த ஏவலர், அல்லவை செய்யாத அரசன், அடங்கிய சான்றோர் வாழும் ஊர் என்று காரணங்களை அடுக்குகிறார். சுருங்கச் சொன்னால் கவலை இல்லை. 2020-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: கடும் மன அழுத்தத்தில் சுரக்கும் நார்அட்ரினலின், நிறம் தரும் மூல செல்களைத் தீர்த்துவிடுகிறது. இளநரைக்கு வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும் காரணமாகலாம். முப்பதுக்குள் நரை பரவினால் சாயம் வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது.

வள்ளலாரின் கீரை

வடலூர் வள்ளலார் அன்றாட உணவில் சேர்க்கச் சொன்ன கீரைகளில் கரிசலாங்கண்ணி தலையாயது. தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதும் இதில்தான். குளுமைக்கும் மணத்துக்கும் தாராளமாகத் தேயுங்கள். வந்துவிட்ட நரையைக் கறுப்பாக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

நரை பூண்ட சோழன்

இளைஞன் நீதி சொல்வானா என்று முதியவர்கள் தயங்கியபோது, ஒரு சோழ மன்னன் நரைமுடி தரித்து வந்து வழக்கைத் தீர்த்தான் என்கிறது பழமொழி நானூறு. அவன் கரிகாலன் என்பார்கள் உரைகாரர்கள். நரைக்கு அப்படியும் ஒரு மதிப்பு இருந்தது.

கிழவியும் குமரியும்

விருத்தாசலம் கோயிலில் குருநமசிவாயர் என்னும் அடியார் பசியோடு அம்பாளைக் கிழத்தி என்று பாடினார். கிழவியாகவே வந்து நின்ற அம்பாள், ‘கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும்?’ என்று கேட்டாளாம். அவர் இளையவளாக மாற்றிப் பாட, இளம்பெண்ணாக வந்து அன்னம் இட்டாளாம். ஊர் கதையைச் சொல்லி முடித்தாலும் கிழவியைக் கோயிலிலிருந்து அனுப்பிவிடவில்லை. விருத்தாம்பிகைக்கும் சந்நிதி உண்டு, பாலாம்பிகைக்கும் சந்நிதி உண்டு. நரையோடு இருக்கிறேன் என்பவர் அப்படியே இருக்கட்டும். சாயம் வேண்டும் என்பவர் ஒரு சொட்டுச் சோதித்து, இரண்டு நாள் பொறுத்து, கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் அந்தப் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளட்டும்.